இரவல் பொருள் தேடி: இராயபுரம் முதல் எண்ணூர் வரை

இராயப்பரின் பெயரைத் தாங்கிய ஊர் இராயபுரம். சென்னையில் துறைமுகம் தோன்றுவதற்கு முன்னர், கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலைகளைக் கடந்து மசூலாப் படகுகளைச் செலுத்திய படகோட்டிகள் வாழ்ந்த பகுதி இது. அவர்கள் தம் உழைப்பின் பணத்தால் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் இன்றும் இங்கு நிலைத்து நிற்கின்றது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இவ்வூர் நிலையத்திலிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. இங்கிருந்து வடக்கே காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று கடலை ஒட்டியே சென்றால் எண்ணூர் முகத்துவாரத்தை அடையலாம். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வழி.

இவ்வழியே நாம் ஒரு நாள் முழுவதும், சில இடங்களில் நடந்தும் சில இடங்களில் பேருந்தில் ஏறியும் சென்றோம். ஆலயங்களையும் துறைமுகங்களையும் காண வேண்டும் என்பது நமது நோக்கமன்று. வேறு நாடுகளில் பொது நூலகங்கள் புத்தகங்களோடு ஏணி, துளையிடும் கருவி, தையல் இயந்திரம், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் முதலியவற்றையும் வீட்டுக்கு இரவல் தருகின்றன என்பதை அறிந்திருந்தோம். நம் வடசென்னை மக்கள் தமக்குச் சொந்தமில்லாத பொருளை எங்கிருந்து பெறுகின்றனர், அவர்களுக்கும் நூலகம் இப்படி உதவக்கூடுமா என்பதைப் பார்க்கவே புறப்பட்டோம்.

கடற்கரைச் சாலையில் முதலில் கண்ணிற்படுவன கன்டெய்னர் லாரிகளே. ஒன்றன்பின் ஒன்றாக, மலைப்பாம்பு நகர்வது போல் அவை செல்கின்றன. தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே எண்ணூர்த் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று உலகத்துப் பண்டங்கள் எல்லாம் இப்பகுதியின் வழியாகவே வருவதும் போவதுமாய் இருக்கின்றன. ஆனால் சாலையை விட்டு இறங்கி, அருகிலுள்ள ஒரு சந்துக்குள் நுழைந்து, மின்விசிறி மாட்ட ஓர் ஏணி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். நான்கு வீடு கடந்து ஐந்தாம் வீட்டில், “அது பெயிண்டர் வீட்டில்தான் இருக்கும், அவரும் வேலைக்குக் கொண்டுபோயிருப்பார்” என்ற விடை கிடைக்கும். ஏணி வாங்கப் பணமில்லை என்பது பாதிக் காரணமே. வாங்கினால் அதை எங்கே வைப்பது? பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்து பேர் படுத்து எழும் வீட்டில், ஆண்டுக்கு மூன்று நாள் பயன்படும் பொருளுக்கு இடம் ஏது? பொருளில்லா வறுமையைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். இடமில்லா வறுமையைப் பற்றிப் பேசியது குறைவு.

முன்பெல்லாம் இவ்வூர்களில் இரவல் என்பது வாழ்க்கை முறையாகவே இருந்தது. அம்மியும் உரலும் ஒரு வளவுக்கு ஒன்றாக இருந்தன. திருமணத்துக்கு வேண்டிய அண்டாவும் தவலையும் ஊர்ப் பொதுவில் இருந்தன. நம் மூத்தோர் அறிந்த மற்றொரு பொதுப் பொருளையும் இங்கே சொல்லலாம். தூம்பா என்று வழங்கிய சவப்பெட்டி கோயிலுக்கு உரியதாக இருந்தது. பெயரே போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. இறந்தவரை அதில் ஏந்திச் சென்று, அடக்கம் முடிந்தபின் பெட்டியை மீண்டும் கோயிலுக்கே கொண்டுவந்து வைப்பர். செல்வர்க்கும் அதுவே, ஏழைக்கும் அதுவே.

வளவுகள் போய் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்தபின் இரவல் சுருங்கிவிட்டது. 1970ஆம் ஆண்டு குடிசை மாற்று வாரியம் அமைந்ததிலிருந்து கட்டப்பட்ட குடியிருப்புகள் பல குடும்பங்களுக்கு மழைக்கு ஒழுகாத கூரையைத் தந்தன. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் தரைத்தளத்துப் பெண்ணிடம் போய் உரல் கேட்பதில்லை. அந்த இடைவெளியில் நுழைந்தவை வாடகைக் கடைகள். பாத்திரம், ஜமக்காளம், நாற்காலி, ஷாமியானா எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். அவை இல்லாவிட்டால் இங்கே ஒரு மஞ்சள் நீராட்டு விழாவும் நடக்காது. கட்டட வேலைக்குப் போகும் தொழிலாளி துளையிடும் கருவியையும் கல் அறுக்கும் கருவியையும் நாள் வாடகைக்கு எடுப்பார். மழை பெய்து வேலை நின்றாலும் கருவியின் வாடகை நிற்காது. இன்னும் கொடியது, கையிலிருக்கும் கருவியை அடகு வைப்பது. தச்சர் தம் இழைப்புளியை அடகு வைத்த அன்றே மீட்பதற்கான வழியையும் சேர்த்து அடகு வைத்துவிடுகின்றார்.

மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விட்ட கடைகளை நடுவயதைக் கடந்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடைக்காரரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். பெயர், வண்டி எண், எடுத்த நேரம், அவ்வளவுதான். அறிந்த முகமாயின் முன்பணம் கேட்கமாட்டார். வண்டி பஞ்சராகித் திரும்பினால் திட்டுவார். மறுநாள் அதே சிறுவனுக்கு மீண்டும் கொடுப்பார். நூலக இயல் பயிலாத நூலகர் என்று அவரைச் சொன்னால் மிகையாகாது. அக்கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன.

அரசு பொருள்களை வழங்கவில்லையா என்று கேட்கலாம். வழங்கியது. 2006இல் தொடங்கி வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள், 2011இல் தொடங்கி மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவை வீடுதோறும் வந்தன. இலவசம் என்று ஏளனம் செய்தவர் பலர். அம்மியில் அரைத்துத் தோள் தேய்ந்த பெண்களைக் கேட்டிருந்தால் அவர்கள் வேறு விதமாகப் பேசியிருப்பர். அன்றாடம் கைபடும் பொருள் வீட்டுக்குச் சொந்தமாகவே இருக்க வேண்டும். ஆனால் சக்கர நாற்காலி, ஏணி, நீர் இறைக்கும் மோட்டார், தையல் பழகுவதற்கான இயந்திரம் ஆகியவை அத்தகையன அல்ல. ஒரு குடும்பத்துக்குச் சில நாள்களே வேண்டியவை. அந்நாள்களில் மட்டும் இன்றியமையாதவை. இவற்றை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பது வீண். ஊருக்கு ஒன்றேனும் இல்லாமலிருப்பது கொடுமை.

காசிமேட்டுக்கு வந்தோம். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்து, படகுகளின் ஓரமாக ஆடவர் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்தனர். பொருளைப் பகிர்ந்து பயன்கொள்வதைப் பற்றி இவர்களுக்கு நாம் கற்பிக்க ஒன்றுமில்லை. பிடித்த மீனின் பணத்தைப் பிரிக்கும்போது ஆளுக்குப் பங்கு இருப்பது போலவே படகுக்கும் வலைக்கும் பங்கு உண்டு என்பது கடற்கரை வழக்கம். கருவியும் உழைக்கின்றது, தேய்கின்றது. ஆகவே அதற்கும் கூலி உண்டு. இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால், பொதுப் பொருள் ஏன் பல இடங்களில் பாழாகின்றது என்பது விளங்கிவிடும். பொருளை வாங்கப் பணம் ஒதுக்குவார்கள். அதன் தேய்மானத்துக்குப் பங்கு ஒதுக்கமாட்டார்கள்.

இனி, வடசென்னையின் தனிச் சிறப்பான ஓர் இரவல் பொருளைச் சொல்ல வேண்டும். அது கேரம் பலகை. பழைய வண்ணாரப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டைத் தெருக்களில் மன்றம் என்றும் படிப்பகம் என்றும் பெயர்ப்பலகை தாங்கிய சிற்றறைகள் இருந்துவந்தன. காலையில் இரண்டு செய்தித்தாள்கள். மாலையில் தொங்கும் விளக்கின் கீழ் ஒரு கேரம் பலகை. எத்தனையோ பேர் அங்கே எழுத்துக்கூட்டிப் படித்தனர். எத்தனையோ பேர் படிக்காமலே ஆடிவிட்டுப் போயினர். ஆட வந்தவன் ஒரு நாள் செய்தித்தாளையும் புரட்டினான் என்பதைப் படிப்பகம் நடத்தியவர்கள் நன்கு அறிந்திருந்தனர். நல்ல பலகை விலை மிகுந்தது. மூன்றடிச் சதுரத்துக்கு இடமும் வேண்டும். நால்வர் சுற்றி அமர வேண்டும். இப்பகுதி வீடுகளில் அது இயலாது. தெருவுக்கு ஒரு பலகை இயன்றது.

அதன் விளைவு என்ன? சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்று, 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடியின் இளவழகி 2008இல் உலகப் பட்டம் வென்றார். 2024ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்தவர்; ஆட்டோ ஓட்டுநரின் மகள்; அப்பகுதியின் பயிற்சி நிலையத்திலேயே ஆட்டம் கற்றவர். ஒவ்வொரு வீடும் பலகை வாங்கும் வரை காத்திருந்தால் இவர்கள் வந்திருப்பார்களா?

பொதுப் பணத்தில் ஒரு கருவியை வைத்துப் பலருக்கும் பயன்பட விடுவது சென்னைக்குப் புதிதுமன்று. 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை மாநகராட்சி தானே வானொலி ஒலிபரப்பைத் தொடங்கி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி அமைத்தது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். ஆயினும் மாலை நேரத்தில் சங்கீதம் கேட்கக் கூலித் தொழிலாளிக்கும் வாய்ப்பு இருந்தது. 1938இல் அகில இந்திய வானொலி வந்து அப்பணியை ஏற்றுக்கொண்டது.

இப்போது நூலகத்துக்குள் நுழைவோம். இவ்வழியில் கிளை நூலகங்கள் உள்ளன. உள்ளே சென்றால் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், செய்தித்தாள் வாசிக்கும் முதியோர், சில பிள்ளைகள். ஒரு மேசை, ஒரு பதிவேடு, ஒரு முத்திரை. இதன் பின்னால் உள்ள சட்டம் எளியதன்று. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுள் முதலாவது இதுவே. இதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகின்றது. இன்று அது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. வரி கட்டுபவர் வீட்டு உரிமையாளர். அவர் அதை வாடகையில் சேர்த்துவிடுவார் என்பதை நாம் அறிவோம். ஆகவே நூலகத்தின் படி ஏறாத தொழிலாளியும் நூலகத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றார்.

இச்சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணிதப் பேராசிரியராயிருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகர்கள் கற்பவை. முதல் விதியின் சாரம், நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பது. பழைய ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருந்தனர். அந்தச் சங்கிலி அறுபடப் பல நூற்றாண்டுகள் ஆயின. அதே 1931இல் மன்னார்குடிக்கு அருகே, கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளரின் முயற்சியால் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகச் சென்றனர். ஊருக்குத் தேவையானதை ஊர் இருக்கும் இடத்துக்கே கொண்டுசெல்வதுதான் நூலகம் என்று அன்றே கருதியவர்கள், இன்று இருந்தால் வண்டியின் பின்புறம் ஓர் ஏணியையும் கட்டியிருப்பார்கள் என்று நினைப்பதில் தவறில்லை.

பிற நாடுகளில் இது எப்படித் தொடங்கியது என்பதைச் சிறிது சொல்வோம். 1935இல், அமெரிக்காவில் வேலையின்மை மிகுந்திருந்த காலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கடைக்காரர் ஒருவர், சிறுவர்கள் தம் கடையில் சிறு பொருள்களைத் திருடுவதைக் கண்டார். விசாரித்தபோது, விளையாட்டு வண்டி செய்வதற்காகவே எடுத்தனர் என்று தெரிந்ததாம். அதிலிருந்து எழுந்ததே அங்குள்ள விளையாட்டுப் பொருள் இரவல் நிலையம். குறித்த நாளில் ஒழுங்காகத் திருப்பித் தந்துவரும் குழந்தைக்கு ஒரு பொம்மையைச் சொந்தமாகவே கொடுத்துவிடும் வழக்கமும் அதற்கு உண்டு. திருடிய பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு அனுப்பாமல் இப்படிச் சிந்தித்த அந்தக் கடைக்காரரை நாம் பாராட்ட வேண்டும். சுவீடனில் 1963இல், உடற்குறையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதே போன்ற நிலையத்தை ஸ்டாக்ஹோமில் ஏற்படுத்தினர். ஹெல்சிங்கி நகரில் 2018இல் திறக்கப்பட்ட பெரிய நூலகத்தில் தையல் இயந்திரங்களும் உண்டு.

இவற்றுள் நம் கருத்தை ஈர்ப்பது அமெரிக்காவின் பெர்க்லி நகரம். 1979இல் அந்நகரப் பொது நூலகம் ஒரு சிறிய வண்டிக் கூண்டில் கருவிகளை வைத்து இரவல் தரத் தொடங்கியது. முதலில் கிடைத்தது நகர வளர்ச்சிக்கான அரசு மானியம். மானியம் என்றும் நிலைப்பதில்லை. பின்னர் நகர மக்கள் செலுத்தும் நூலக வரியே அதைத் தாங்கியது. நூலக வரி நம்மிடமும் இருக்கின்றது. வண்டிக் கூண்டா கிடைக்காது? கன்டெய்னர்களுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது.

திருவொற்றியூரில் சற்றுத் தங்கினோம். தியாகராசர் கோயிலின் கல்வெட்டுகள் வரலாற்றாசிரியர் பலர் ஆராய்ந்தவை. இக்கோயிலில் இலக்கணம் கற்பிக்க ஒரு மண்டபமே இருந்ததாக அவை தெரிவிக்கின்றன. கல்வெட்டுகளில் வரும் இரு சொற்கள் நம் பொருளுக்கு மிக நெருங்கியவை. சிதம்பரத்துக் கல்வெட்டில் நூலகத்துக்கு வழங்கும் பெயர் சரசுவதி பண்டாரம். பண்டாரம் என்றால் பண்டங்களை வைக்கும் அறை. பொன்னும் நெல்லும் இருந்தாலும் பண்டாரம், ஏடுகள் இருந்தாலும் பண்டாரம். நூலகம் என்றால் நூல் மட்டுமே என்னும் எல்லை பிற்காலத்தில் நாம் இட்டது.

மற்றொரு சொல் சாவா மூவாப் பேராடு. அணையா விளக்கு எரிக்க நெய் வேண்டி, 90 அல்லது 96 ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைப்பர். ஆடு சாகும், மூக்கும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையாதபடி குட்டிகளைக் கொண்டு ஈடுசெய்து, நாள்தோறும் நெய் அளந்துவரும் பொறுப்பு இடையருடையது. ஆகவே கணக்கில் அவை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. பொதுப் பொருளைக் காப்பதற்கு இதனினும் தெளிவான ஒழுங்கு வேறில்லை என்று நமக்குத் தோன்றியது. ஒருவர் பொறுப்பு, எழுதிய கணக்கு, தேய்ந்ததை ஈடுசெய்ய அந்தப் பொருளிலிருந்தே ஒரு பங்கு.

இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் என்ன நேரும்? தமிழக அரசு 2024இல் கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவித் தொகுப்பு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது மாநிலத்தில் 12,525 கிராம ஊராட்சிகள் இருந்தன. நல்ல திட்டம். ஆனால் மட்டையும் பந்தும் வைத்த அறையின் சாவி எவரிடம் என்பதைப் பொறுத்தே அதன் பயன் இருக்கும். கொடுத்தால் தொலையும், தொலைந்தால் நாம் பதில் சொல்ல வேண்டும் என்று அஞ்சும் அலுவலர் பூட்டியே வைப்பார். தணிக்கையின்போது புத்தம் புதியதாகக் காட்டுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பயன்பட்டுத் தேய்ந்த பொருளைக் கணக்கிலிருந்து கழிக்க எளிய விதி இல்லையென்றால் எவரும் அப்படியே செய்வர். நூலகத்தில் அந்த விதி பழமையானது. கிழிந்த நூலைக் கழிக்கவும், தொலைந்த நூலுக்கு விலை வாங்கவும், தாமதத்துக்குத் தண்டம் போடவும் நூலகர்க்குத் தெரியும். பொருளை இரவல் தரும் தொழிலில் பயிற்சி பெற்ற ஒரே அரசு அலுவலகம் நூலகந்தான் என்பதை நாம் இதுவரை எண்ணிப் பார்க்கவில்லை.

தடைகள் இல்லாமலில்லை. கிளை நூலகம் பலவற்றில் ஒருவர்தான் பணியில் இருப்பார். அவர் தலையில் மோட்டாரையும் ஏணியையும் சுமத்துவது நியாயமன்று; துணைக்கு ஒருவர் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. மின்சாரக் கருவி பழுதாயிருந்து ஒருவரைத் தாக்கினால் யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்தில் விடை வேண்டும். மூச்சுத் திணறலுக்குப் பயன்படும் நெபுலைசர் போன்றவற்றையும் சேர்க்கலாமே என்று நம்முடன் வந்த இளைஞர் கேட்டார். புகையும் தூசும் மலிந்த இப்பகுதியில் அதன் தேவை நமக்குத் தெரியாததன்று. ஆயினும் மருத்துவர் மேற்பார்வையின்றி, ஒருவர் மூச்சு பட்டதை மற்றவர்க்குக் கொடுக்கும் பொறுப்பை நூலகம் ஏற்கலாகாது என்பதே நமது எண்ணம். நூலகத்துக்குத் தக்கவை துடைத்து வைக்கக்கூடியவை, எண்ணிப் பார்க்கக்கூடியவை.

செப்பனிடும் ஆள் வேண்டுமே என்பது மற்றொரு கேள்வி. இதற்கு இந்த வட்டாரத்தைப் போல் வாய்ப்புடைய இடம் வேறில்லை. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் பின்னர் டயர் தொழிற்சாலையாக வளர்ந்த எம்.ஆர்.எப். எண்ணூரில் 1948இல் மோட்டார் வாகனத் தொழிற்சாலை தோன்றியது. 1955 முதல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் இங்கே உருவாயின. ஆலைச் சங்கொலியைக் கேட்டு எழுந்த தலைமுறையில் பிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் என்று எத்தனை பேர் ஓய்வுபெற்று வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர்! காலை நாளிதழை இருமுறை வாசித்து முடித்தபின் அவர்களுக்கு வேலையில்லை.

எண்ணூருக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் இடம். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக் குப்பம், காட்டுக்குப்பம் என்று மீனவர் குடியிருப்புகள். 1970களில் மின்சாரம் தரத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. மாநகரத்தின் வரி வந்தது, வசதிகள் பின்னால் வந்துகொண்டிருக்கின்றன.

2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தை இங்குள்ளோர் மறக்கமாட்டார்கள். மிக்ஜாம் புயலின் பெருமழையில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அந்த வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய்க் கசிவும் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்தில் வந்து சேர்ந்தது. வலையும் படகும் கறுத்தன. அலையாத்தி மரங்களின் வேர்கள் கறுத்தன. எண்ணெயை அள்ளுவதற்கு இறங்கிய மீனவர் கைகளில் இருந்தவை வீட்டிலிருந்த குவளையும் வாளியுமே என்பதை நாடே செய்தித்தாள்களில் கண்டது. அத்தகைய பேரிடருக்கான கருவிகளை வைத்திருக்க வேண்டியது ஆலைகளும் அரசும். அக்கடமையை ஒரு கிளை நூலகத்தின் தலையில் வைக்க நாம் முன்வரவில்லை. ஆனால் வீட்டுக்குள் நின்ற நீரை இறைக்க ஒரு சிறு மோட்டார், சேற்றில் இறங்க இரண்டு சோடி உயரமான ரப்பர் காலணி, கையுறை, தார்ப்பாய் ஆகியவை நடக்கும் தூரத்தில் ஓர் அறையில் இருந்திருந்தால்? மழை வந்தபின் மோட்டாருக்கு வாடகை கேட்கப் போனால் என்ன விலை சொல்வார்கள் என்பது எல்லார்க்கும் தெரியும்.

தேநீர்க் கடை ஒன்றில் ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவரைச் சந்தித்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆலையில் வேலை பார்த்தவர். நம் எண்ணத்தைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை; உடனே கணக்கில் இறங்கிவிட்டார்.

“சாமி, மோட்டாரு வாங்குறது பெரிசில்ல. மழைக்கு மழை எடுத்து ஓட்டலாம்னு பூட்டி வெச்சா, அன்னிக்குப் பார்த்து ஓடாது. மாசம் ஒருதரம் ஓட்டணும். அதுக்கு ஆளு வேணும். நான் வரேன், காசு வேணாம். ஆனா ரெஜிஸ்டர்ல என் கையெழுத்து போடுற எடம் இருக்கணும்.”

கையெழுத்துக்கு இடம் வேண்டும் என்று அவர் கேட்டதை நாம் நினைத்துப் பார்த்தோம். அரசுக் கட்டடத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்ய ஆள் கிடைப்பது அரிதன்று. அவர்களைப் பெயரிட்டு ஏற்றுக்கொள்ளும் விதிதான் அரிது. மாவட்ட நூலக ஆணைக்குழு ஒரு கிளையில் மட்டும், ஓராண்டுக்கு மட்டும், இப்படி ஒரு பதிவேட்டை அனுமதித்துப் பார்க்கலாம். 2024ஆம் ஆண்டு நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது. படிக்கும் இடமும், தொழில் செய்வோர் அமர்ந்து பணியாற்றும் மேசைகளும் ஒரே கூரையின் கீழ் அமைந்தன. வீட்டில் இடமில்லாதவர்க்கு மேசையைத் தரலாம் என்று ஒப்புக்கொண்ட பின், ஏணியைத் தரலாகாது என்று சொல்ல வலுவான காரணம் எதுவும் நமக்குப் புலப்படவில்லை.

பிட்டர் அதற்குள் தேநீர்க் கடையின் செய்தித்தாளில் ஓரமாக ஒரு பட்டியல் எழுதத் தொடங்கியிருந்தார். மோட்டார் ஒன்று, முப்பதடிக் குழாய், ஏணி இரண்டு, துளையிடும் கருவி ஒன்று, சக்கர நாற்காலி இரண்டு, நடைக்கோல் நான்கு, கேரம் பலகை இரண்டு. தையல் இயந்திரத்தைச் சேர்க்கச் சொன்னவர் கடைக்கார அம்மாள். “மிஷின் கத்துக்கிற வரைக்கும் கையில இருந்தாப் போதும் சாமி, அப்புறம் அதுங்களே சம்பாரிச்சு வாங்கிக்கும்” என்றார். பிட்டர் அதையும் எழுதினார். பிறகு பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாசித்து, ஏணி இரண்டு என்றிருந்ததை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார்.